நனைந்த போன், நின்றுபோன பேக்கப்: ஓர் ஆரி தையல்காரரின் டேட்டா மீட்பு – நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் செய்கிறேன். தண்ணீரில் விழுந்த போன்கள் வாரம் தவறாமல் வரும். அதில் பெரும்பாலானவர்களுக்குப் போன் பெரிய விஷயமில்லை, உள்ளே இருப்பதுதான் வேண்டும். 2025 ஆடியில் வந்த ஒன்றை மட்டும் விவரமாக எழுதுகிறேன். டேட்டா இல்லாமல் போவதற்குப் பொதுவாக என்னென்ன காரணங்கள் உண்டோ, அவற்றில் பல அந்த ஒரே போனில் இருந்தன. அப்படியிருந்தும் கணிசமான அளவு திரும்பக் கிடைத்தது, ஏனென்றால் சில வேலைகளைச் சரியான வரிசையில் செய்தோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

பின்னணி

அவர் வீட்டிலிருந்தே ஆரி வேலையும் ஜாக்கெட் தையலும் செய்பவர். கடை கிடையாது. வாடிக்கையாளர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். மாதிரிப் படம் அனுப்புவார்கள், கழுத்தும் கையும் எப்படி வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்வார்கள், முன்பணத்தை யுபிஐயில் போடுவார்கள். துணியும் அளவு ஜாக்கெட்டும் மட்டும் நேரில் வந்து சேரும். பழைய வாடிக்கையாளர்களின் அளவுகளைப் போனில் ஒரு நோட்ஸ் செயலியில் எழுதி வைத்திருந்தார். முன்பு நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார், போன் வசதியாக இருக்கிறதே என்று ஒரு கட்டத்தில் நோட்டை விட்டுவிட்டார்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் தையல் வேலை செய்பவர்களுக்கு ஆடிதான் கழுத்தை நெரிக்கும் மாதம், ஆவணிக் கல்யாணங்களுக்கான ஆர்டர் எல்லாம் அப்போதுதான் குவியும். அந்தச் சமயம் அவர் கையில் 23 ஜாக்கெட்டுகள் இருந்தன.

போன் மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு. மெமரி கார்டு போடவில்லை. வீட்டில் வைஃபை இல்லை, மொபைல் டேட்டா மட்டும்தான். கல்லூரியில் படிக்கும் மகனிடம் ஒரு லேப்டாப் உண்டு. டிசைனைப் பிரிண்ட் எடுத்துத் துணியில் டிரேஸ் செய்வதற்காக, அதில் வாட்ஸ்அப் வெப் இணைத்து வைத்திருந்தார்கள். பிற்பாடு எங்களுக்குக் கை கொடுத்தது அந்த லேப்டாப்தான்.

என்ன நடந்தது

துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீர் வாளியில் போன் விழுந்தது. உடனே எடுத்துத் துடைத்துப் பார்த்தார்கள், திரை எரிந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அணைந்துபோனது. யாரோ சொல்ல, அரிசி டப்பாவுக்குள் புதைத்து இரண்டு நாள் வைத்தார்கள். பிறகு எடுத்துச் சார்ஜில் போட்டார்கள். சூடு வந்ததே தவிர, ஆன் ஆகவில்லை. அதன்பின் கடைக்கு எடுத்து வந்தார்கள்.

அரிசியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போனின் சர்க்யூட் போர்டுக்குள் போன தண்ணீரை அரிசி உறிஞ்சாது. ஈரமான ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம் என்று 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது, அரிசியின் நுண்துகள் உள்ளே போய்ச் சேதம் செய்யலாம் என்பதால். அதைவிட மோசம் ஈரத்தோடு சார்ஜ் போடுவது. சோப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரைக் காட்டிலும் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்த ஈரத்தின் வழியாகக் கரண்ட் பாயும்போது செம்பும் பற்றவைத்த சால்டரும் அரிக்கத் தொடங்கும். நனைந்த போனை உடனே அணைத்து, சிம்மைக் கழற்றி, சார்ஜ் போடாமல் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோனால், போர்டு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

போனைத் திறந்தபோது

சார்ஜிங் பின்னைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. போர்டை மூடியிருக்கும் ஷீல்டைக் கழற்றினால், கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் ஐசி பக்கத்திலும் அதேதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவி, அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து, பவர் சப்ளையில் மாட்டினேன். நேர் ஷார்ட், அதாவது கரண்ட் எங்கோ குறுக்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. போர்டின் மேல் ரோசின் பிசின் புகையை வெள்ளைப் படலமாகப் பிடிக்க வைத்தேன், ஷார்ட் ஆன பாகம் சூடாகி அந்த இடத்தில் படலம் உருகும். மறுபடியும் கரண்ட் கொடுத்ததும், ஒரு கெப்பாசிட்டர் மேலிருந்த படலம் மட்டும் உருகி வழிந்தது. அந்தக் கெப்பாசிட்டரை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. பட்டனை அழுத்தினால் சிறிது கரண்ட் இழுக்கிறது, ஆனால் அதே இடத்தில் நின்றுவிடுகிறது, பூட் ஆகவில்லை.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார்: "தம்பி, அந்த மெமரி சிப்ப மட்டும் கழட்டி வேற போன்ல போட முடியாதா?" பழைய போன்களில் அப்படிச் செய்த காலம் உண்டு. இப்போது முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவரும் போன்களில் கோப்புகள் ஒவ்வொன்றும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி அந்தப் போனின் பிராசஸரோடும், உரிமையாளர் திரைப் பூட்டுக்குப் போடும் பேட்டர்னோடும் கட்டப்பட்டது. மெமரியைத் தனியே படித்தால் குப்பைதான் வரும். அதே மெமரி, அதே பிராசஸர், அதே பேட்டர்ன் மூன்றும் சேர்ந்து உயிரோடு இருந்தால்தான் உண்டு. அவ்வளவு பாதுகாப்பு இருப்பதால்தான் திருடு போன போனிலிருந்து நம் படங்களை யாரும் எடுத்துவிட முடிவதில்லை. போன் செத்தால் நமக்கும் அதே கதவுதான் மூடுகிறது.

வாட்ஸ்அப் தினமும் இரவில் போனுக்குள்ளேயும் ஒரு பேக்கப் எழுதும், கடைசி ஏழு நாட்கள் வரை வைத்திருக்கும். அதுவும் இந்தப் போர்டுக்குள்தான் சிக்கியிருந்தது.

முதல் முடிவு: புதுப் போனில் வாட்ஸ்அப் போட வேண்டாம்

அவர்கள் கடைக்கு வரும்போதே புதுப் போன் வாங்கி வந்திருந்தார்கள். மகன் அதில் தன் அம்மாவுக்காக முன்பு உருவாக்கிய ஜிமெயிலைப் போட்டு, பழைய சிம்மையும் மாட்டி, வாட்ஸ்அப்பைத் திறக்கத் தயாராக இருந்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நிறுத்தச் சொன்னேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது, அந்த லேப்டாப். புதுப் போனில் அதே எண்ணைப் பதிவு செய்த கணமே, பழைய போனோடு இணைத்திருந்த கணினிகள் எல்லாம் வெளியேற்றப்படும். லேப்டாப்பில் தெரியும் சாட்டுகளும் படங்களும் அதோடு போய்விடும். பதிவு செய்யாமல் விட்டாலும் நிறைய நாள் கிடையாது: முதன்மைப் போனை 14 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் இணைத்த சாதனங்கள் தானாகவே வெளியேறிவிடும். ஆக, முதலில் காலி செய்ய வேண்டியது லேப்டாப்பை.

இரண்டாவது, கூகுள் பேக்கப். வாட்ஸ்அப் தன் பேக்கப்பைத் தேடுவது அந்தப் போனில் சேர்த்திருக்கும் கூகுள் கணக்கில். கணக்கு மாறியிருந்தால் "பேக்கப் எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். நாமும் சரி இல்லை போல என்று தாண்டிப் போய்விடுவோம். பிற்பாடு சரியான கணக்கைச் சேர்த்து, அன்றிரவே புதிய பேக்கப் ஓடினால், பழைய பேக்கப்பின் மேல் காலியான புதியது எழுதப்படும். நானே பார்த்த டேட்டா இழப்புகளில் பல, போன் கெட்டதால் வந்தவை அல்ல, இந்த இடத்தில் அவசரப்பட்டு "ஸ்கிப்" அழுத்தியதால் வந்தவை.

சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடச் சொன்னேன். அழைப்பு வரும், ஓடிபி வரும், வாட்ஸ்அப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

லேப்டாப்பில் ஒரு மாலை

எது முதலில் வேண்டும் என்று கேட்டேன். ஆவணி ஆர்டர்கள் என்றார். அவர் தன் அலமாரியில் உள்ள துணிகளின் வரிசைப்படி பெயர்களைச் சொல்லச் சொல்ல, மகன் அந்தந்தச் சாட்டைத் திறந்து படங்களையும் வாய்ஸ் மெசேஜ்களையும் இறக்கினார். பலவற்றை ஒன்றாகத் தேர்வு செய்து இறக்கினால் ஒரே ஜிப் கோப்பாக வரும். வாடிக்கையாளர் பெயரில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். எழுத்து மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டார்கள். லேப்டாப்பில் இருக்கும் சாட்டைப் புதுப் போனின் வாட்ஸ்அப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை, அதனால் இப்படிக் கோப்பாக எடுத்து வைத்தால்தான் உண்டு.

சில படங்கள் மங்கலான சிறு வடிவத்தில் மட்டும் தெரிந்தன, தட்டினால் இறங்கவில்லை. மூலப் படம் பழைய போனில் மட்டும் இருந்து, அந்தப் போன் இணையத்தில் இல்லாவிட்டால் வாட்ஸ்அப் வெப் அதை எங்கிருந்தும் எடுக்க முடியாது. அப்படிப்பட்டவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டோம். அனுப்பியவரின் போனில் அதே படம் இருக்கும், கேட்டால் மறுபடி அனுப்புவார். சாட் என்பது இரண்டு பேரிடமும் இருக்கும் ஒன்று என்பதை இந்த மாதிரி நேரத்தில் மறந்துவிடக் கூடாது.

முன்பணக் கணக்குக்கு வாட்ஸ்அப்பே தேவைப்படவில்லை. வங்கி ஸ்டேட்மென்டில் தேதி, பெயர், தொகை எல்லாம் இருந்தன.

வேலை முடியும் நேரத்தில் அவர் இன்னொன்று கேட்டார். அவருடைய அம்மா தவறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வாட்ஸ்அப்பில் இருந்தன. லேப்டாப்பில் தேடினோம், அவ்வளவு பின்னால் போகவில்லை. கூகுள் பேக்கப் கிடைத்தால்தான் என்று நிலைமை ஆனது.

எந்தக் கணக்கு?

மகன் உருவாக்கிய ஜிமெயிலில் கூகுள் டிரைவைத் திறந்து, ஸ்டோரேஜ் பகுதியில் உள்ள பேக்கப் பட்டியலைப் பார்த்தோம். காலி. அப்படியானால் வேறு கணக்கு இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் இது சர்வ சாதாரணம். முதல் ஸ்மார்ட்போன் வாங்கும்போது, விற்றவரே ஒரு ஜிமெயிலை உருவாக்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவருக்கு முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. அடுத்த போன் வாங்கும்போது அதே கணக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காண்டாக்ட், படம், பேக்கப் எல்லாம் வருடக்கணக்காக அதில்தான் போய்க்கொண்டிருக்கும். கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது: "பழைய போன் டப்பால பேனாவால ஏதோ எழுதிக் குடுத்தாங்க தம்பி." மறுநாள் அந்த டப்பாவைக் கொண்டு வந்தார். மூடியின் உள்பக்கம் ஒரு மெயில் முகவரி, பக்கத்தில் பாஸ்வேர்டு எழுதியிருந்த இடம் ஈரத்தில் கலங்கிப் போயிருந்தது.

கணக்கை மீட்க அதே லேப்டாப்பையே பயன்படுத்தினோம். அதில் முன்பு எப்போதோ அந்தக் கணக்கைத் திறந்திருந்தார்கள், பழகிய சாதனத்திலிருந்து முயன்றால் கூகுள் எளிதில் நம்பும். முதலில் பழைய போனில் "ஆம்" தட்டச் சொல்லிக் கேட்டது, அதுதான் செத்துப்போயிற்றே. "வேறு வழி" என்பதைத் தேர்ந்தெடுத்ததும், கணக்கில் பதிந்திருந்த எண்ணுக்குக் குறியீடு வந்தது. பட்டன் போனில் அதைப் படித்துப் போட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைத்தோம்.

உள்ளே வாட்ஸ்அப் பேக்கப் இருந்தது. தேதி பங்குனி மாதக் கடைசி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஏன் பங்குனியோடு நின்றது

பேக்கப் ஆன் செய்திருந்தார்கள், தினசரி என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் வைஃபை வழியாக மட்டும் என்று அமைந்திருந்தது. வீட்டில் வைஃபை கிடையாது. பங்குனியில் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே வைஃபையில் இணைத்திருக்கிறார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் பேக்கப் ஒழுங்காக ஏறிவிட்டது. அப்புறம் கூகுள் போட்டோஸ் அதுவரை தேங்கியிருந்த படங்களையும் வீடியோக்களையும் ஏற்றத் தொடங்கி, இலவச இடமான 15 ஜிபியை நிரப்பிவிட்டது.

இந்த 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 வரை, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் படங்களைக் கணக்கில்லாமல் ஏற்றலாம் என்று இருந்தது, அந்தச் சலுகை அன்றோடு முடிந்தது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் அதற்குப் பிறகும் இந்த 15 ஜிபியில் சேராமல் இருந்தது, 2024 முதல் அதையும் சேர்த்துவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் "வாட்ஸ்அப் தனி, அது ஃப்ரீ" என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடம் நிரம்பினால் எல்லாம் சேர்ந்துதான் நிற்கும்.

ஸ்டோரேஜ் நிரம்பியது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. போனில் இடம் இல்லை போல என்று நினைத்து, பழைய படங்கள் சிலவற்றை அழித்திருக்கிறார். போனின் இடமும் கூகுள் கணக்கின் இடமும் வேறு வேறு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த அறிவிப்பு எழுதப்பட்டிருக்கும் விதத்தில் அது யாருக்கும் எளிதில் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

மீட்பு

லேப்டாப் ஃபோல்டர்களைப் பென்டிரைவிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் புதுப் போனைத் தொட்டோம். அதில் பழைய கூகுள் கணக்கைச் சேர்த்து, சிம்மை மாட்டி, கடை வைஃபையில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தோம். பங்குனித் தேதியோடு பேக்கப் தெரிந்தது, "ரீஸ்டோர்" அழுத்தினோம். மெசேஜ்கள் முதலில் வந்தன, படங்களும் குரல்களும் பின்னாலேயே இறங்கின. அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள் அதில் இருந்தன. அவற்றை அன்றே வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே எடுத்து டிரைவிலும் பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன்.

காண்டாக்ட்களில் பெரும்பகுதி கூகுளில் இருந்தது. போன் மெமரியில் சேமித்தவை வரவில்லை, அந்த எண்களில் பலவற்றை லேப்டாப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் போர்டு வேலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். பிராசஸரைத் தூக்கி மறுபடி பதிக்கும் அளவுக்குப் போக வேண்டுமா என்று அவர் கேட்டார். அந்தச் சூட்டில் மிச்சமிருப்பதும் போகலாம், செலவும் கூடும். ஆர்டர்கள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால், அதற்கு மேல் போக வேண்டாம் என்று தையல்காரரே முடிவெடுத்தார். போர்டு திரும்பி வந்தது, இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

விளைவு

23 ஆர்டர்களில் 19-க்கு முழு விவரமும் லேப்டாப்பிலிருந்து வந்தது. மற்ற நான்கு பேரிடம் படத்தை மறுபடி வாங்கினார். முதல் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய எதுவும் தள்ளிப்போகவில்லை.

வராதவையும் உண்டு. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அவர் தைத்து முடித்த வேலைகளின் படங்கள் போய்விட்டன. புது வாடிக்கையாளருக்குக் காட்ட அவரிடம் இருந்த ஆல்பம் அதுதான். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்த சிலவற்றை மட்டும் லேப்டாப்பிலிருந்து எடுக்க முடிந்தது. நோட்ஸ் செயலியில் இருந்த அளவுகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை, அந்தச் செயலி எந்தக் கணக்கோடும் இணைக்கப்படாமல் போனுக்குள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் வரும்போது மறுபடி அளவெடுக்கிறார்.

புதுப் போனில் செய்த ஏற்பாடு

ஒரே கூகுள் கணக்கு. முகவரியும் பாஸ்வேர்டும் வீட்டு டைரியில். மீட்பு எண்ணாக மகனின் எண்ணையும் சேர்த்தோம். காண்டாக்ட் எப்போதும் கூகுளிலேயே சேமிக்கும்படி மாற்றினோம்.

15 ஜிபியில் இடம் உண்டாக்க, போட்டோஸில் இருந்த பெரிய வீடியோக்களை, பெரும்பாலும் யாரோ அனுப்பியவை, லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அழித்தோம். அழித்தவை குப்பைத் தொட்டியில் இருக்கும் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று வைத்து, மொபைல் டேட்டாவிலும் ஓட அனுமதித்தோம். அவருடைய தினசரி டேட்டாவில் பாதிகூட அவர் பயன்படுத்துவதில்லை. கூகுள் போட்டோஸுக்கும் அதே அனுமதி. போட்டோஸ் இயல்பாக ஏற்றுவது கேமராவில் எடுத்த படங்களை மட்டும்தான், வாட்ஸ்அப் படங்கள் வேண்டுமானால் அந்த ஃபோல்டரைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். நாங்கள் செய்யவில்லை, குட்மார்னிங் படங்களால் மறுபடி நிரம்பும். பதிலாக, டைப்-சி பென்டிரைவ் ஒன்றில் வேலைப் படங்களை மட்டும் அமாவாசைக்கு அமாவாசை நகல் எடுக்கிறார். அந்த நாளை அவரே தேர்ந்தெடுத்தார், அன்றைக்கு அவர் தைப்பதில்லை.

2021-இல் வாட்ஸ்அப்பில் வந்த எண்ட்-டு-எண்ட் குறியாக்கப் பேக்கப்பை ஆன் செய்யவில்லை. அது நல்ல வசதிதான். ஆனால் நாமே வைக்கும் பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்துவிட்டால், வாட்ஸ்அப்பாலும் கூகுளாலும் திறக்க முடியாது. அவருக்கு இப்போதைக்கு அந்த ஆபத்துத்தான் பெரியது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

அளவுகளுக்கு மறுபடியும் நோட்டு வந்துவிட்டது. பக்கம் நிரம்பியதும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்.

நகல் எடுக்கும் அதே நாளில் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப் பக்கத்தில் கடைசித் தேதி நேற்றோ இன்றோ இருக்கிறதா என்று ஒன்று. மகனின் லேப்டாப்பில் கூகுள் போட்டோஸைத் திறந்தால் நேற்று எடுத்த படம் அங்கே தெரிகிறதா என்று இன்னொன்று. போனிலேயே பார்த்தால் எல்லாப் படமும் இருப்பது போலத்தான் தோன்றும், ஏறியதா இல்லையா என்பது வேறு சாதனத்தில் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் கடையில் மாற்றியவை

ஈரமான போன் வந்தால் இப்போது சீட்டு எழுதும்போதே நான்கு கேள்விகள் கேட்கிறோம். சார்ஜ் போட்டீர்களா? வாட்ஸ்அப் வேறு கணினியிலோ டேப்லெட்டிலோ இணைந்திருக்கிறதா? போனில் எத்தனை ஜிமெயில், அவற்றின் முகவரி தெரியுமா? புதுப் போனில் இதே எண்ணை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால், போர்டைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கணினியை எடுத்துவரச் சொல்கிறோம். பேட்டர்னை நாங்கள் எழுதி வாங்குவதில்லை, போன் உயிர் பெற்றால் உரிமையாளரே வந்து போட வேண்டும்.

புதுப் போன் விற்கும் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கணக்கு உருவாக்கிக் கொடுத்தால், பாஸ்வேர்டை அவர் கையாலேயே போடச் செய்து, அவர் வீட்டு டைரியில் எழுத வைத்து அனுப்புங்கள் என்று. இரண்டு கடைக்காரர்கள் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.